முறைப்பாடு செய்தவர் யார், யாருக்கு எதிராக? சாய்ந்தமருதுக்குப் பின்னரான கைதுகளும் சட்டங்களும்

2019 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை. சாய்ந்தமருதில் சுனாமியால் வீடிழந்தவர்களுக்காகக் கட்டப்பட்ட வொலிவேரியன் கிராமத்தில், வாடகைக்கு வந்திருந்த புதியவர்கள் மீது அயலவர்களுக்குச் சந்தேகம் ஏற்பட்டது. ஊர்க்காரர்களே போய் விசாரித்தார்கள், ஊர்க்காரர்களே பாதுகாப்புத் தரப்புக்கு அறிவித்தார்கள். அன்றிரவு நடந்த துப்பாக்கிச் சூட்டுக்கும் குண்டு வெடிப்புகளுக்கும் பிறகு 15 சடலங்கள் மீட்கப்பட்டன. அவற்றில் ஆறு சிறுவர்களுடையவை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் சூத்திரதாரியான சஹ்ரானின் தந்தையும் சகோதரர்களும் அந்த வீட்டில்தான் இறந்தார்கள்.

காட்டிக்கொடுத்தது ஒரு முஸ்லிம் ஊர். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர், 2017 மார்ச்சில் காத்தான்குடியில் மோதல் நடந்தபோதும் சஹ்ரானைப் பற்றிப் பொலிஸாரிடம் முறையிட்டவர்கள் முஸ்லிம்களே. 2019 ஏப்ரல் முதல் வாரத்தில் இந்தியாவிலிருந்தும் எச்சரிக்கை வந்திருந்தது. அந்த எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு செயற்படாமல் இருந்ததற்காக முன்னாள் ஜனாதிபதியும் பாதுகாப்பு உயர் அதிகாரிகளும் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் உத்தரவிட்டது. மைத்திரிபால சிறிசேனவுக்கு மட்டும் 10 கோடி ரூபாய்.

ஆனால் 2019 மே மாதத்தில் சந்தேகத்துக்கு உரியவர்களாக இருந்தது எச்சரிக்கையைப் புறக்கணித்தவர்கள் அல்லர். 2019 யூன் தொடக்கத்தில் பொலிஸார் வெளியிட்ட கணக்கின்படி, தாக்குதலுக்குப் பிறகு கைது செய்யப்பட்ட 2,289 பேரில் 1,820 பேர் முஸ்லிம்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கும் குண்டுகளுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. வீட்டில் இருந்த கத்தி, அரபு எழுத்துள்ள புத்தகம், தொலைபேசியில் இருந்த ஒரு காணொளி என்று காரணங்கள் நீண்டன.

அந்த ஒரு மே மாதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நாட்டின் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

மே 3ஆம் திகதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைப் படையினர் சோதனையிட்டார்கள். மாணவர் ஒன்றிய அறையில் விடுதலைப் புலிகளின் தலைவரது படம் இருந்தது என்று ஒன்றியத் தலைவரும் செயலாளரும் கைதானார்கள். திலீபனின் படம் இருந்தது என்று சிற்றுண்டிச்சாலை நடத்தியவரும் கைதானார். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கும் யாழ்ப்பாண மாணவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் இல்லை. அவசரகாலச் சட்டம் கையில் இருந்தது, அவ்வளவுதான். மே 16ஆம் திகதியே அவர்களுக்குப் பிணை கிடைத்தது.

மே 13ஆம் திகதி வடமேல் மாகாணத்தில் ஊரடங்கு அமுலில் இருந்தபோதே பள்ளிவாசல்களும் கடைகளும் கும்பல்களால் தாக்கப்பட்டன. புத்தளம் மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் கொல்லப்பட்டார். ஊரடங்கு நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் வீதியில் எப்படி நடமாடினார்கள் என்பது இன்றுவரை கேட்கப்படும் கேள்வி.

மே 17ஆம் திகதி கண்டி மாவட்டம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவருடைய ஆடையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிடப்பட்டிருந்தது. பொலிஸாரின் கண்ணுக்கு அது பௌத்தர்களின் தர்மச் சக்கரமாகத் தெரிந்தது. சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச சமவாயச் சட்டத்தின் கீழ், அதாவது ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் என்று எல்லோரும் சொல்லும் சட்டத்தின் கீழ், அவர் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். வெளியே வந்தது யூன் 3ஆம் திகதி. 17 நாட்கள்.

அவர் உள்ளே இருந்த அந்த நாட்களில்தான், மே 23ஆம் திகதி, பொதுபல சேனாவின் ஞானசார தேரர் ஜனாதிபதிப் பொதுமன்னிப்பில் சிறையிலிருந்து வெளியே வந்தார். அவருக்கு ஆறு வருட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது எதற்காக என்பதைக் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊடகவியலாளர் பிரகீத் எக்னெலிகொட காணாமல் ஆக்கப்பட்ட வழக்கில், சந்தேக நபர்களான இராணுவப் புலனாய்வாளர்களுக்கு ஆதரவாக ஹோமாகம நீதிமன்றத்துக்குள் புகுந்து நீதவானையும் சட்டத்தரணியையும் ஏசியதற்காகவே அந்தத் தண்டனை. 2018 ஓகஸ்டில் விதிக்கப்பட்டது, ஒன்பது மாதங்களில் மன்னிக்கப்பட்டது. 2021 ஒக்டோபரில் 'ஒரே நாடு, ஒரே சட்டம்' ஜனாதிபதிச் செயலணிக்கு அவரையே தலைவராக நியமித்தார்கள். ஆரம்பத்தில் அதில் ஒரு தமிழர்கூட இல்லை. (பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.) 2024 மார்ச்சில், இஸ்லாத்தை நிந்தித்த பழைய பேச்சு ஒன்றுக்காக நீதிமன்றம் அவருக்கு மீண்டும் சிறைத்தண்டனை விதித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பேச்சு 2016ஆம் ஆண்டுக்குரியது. எட்டு வருடங்கள் சென்றன.

ஹசலக்கப் பெண்ணுக்கும் நீதி கிடைத்தது. அவருடைய உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்து, அப்போதைய பொலிஸ் பொறுப்பதிகாரி 30,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. நான்கு வருடங்களுக்குப் பிறகு, 17 நாட்களுக்கு, 30,000 ரூபாய்.

இந்த ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் கதை விசித்திரமானது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டமான இது, மனித உரிமைகளைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையை உள்நாட்டில் நடைமுறைப்படுத்துவதற்காகக் கொண்டுவரப்பட்டது. அதன் 3ஆம் பிரிவு, இன அல்லது மத வெறுப்பைப் பரப்பி வன்முறைக்குத் தூண்டுவதைத் தடுக்கிறது. வாசித்தால் சிறுபான்மையினரைக் காக்க எழுதியது போலவே இருக்கும். ஆனால் 10 வருடம் வரை சிறை, மேல் நீதிமன்றம் விசேட காரணங்களுக்காக வழங்கினாலன்றிப் பிணை இல்லை என்ற இரண்டும் சேர்ந்ததும் அது பொலிஸாருக்கு வசதியான ஆயுதமாகிவிட்டது. வழக்கில் வெல்லத் தேவையில்லை, கைது செய்தாலே தண்டனை கொடுத்ததாகிவிடுகிறது.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2019 ஏப்ரல் 1ஆம் திகதி, குண்டுகள் வெடிப்பதற்கு முன்னரே, சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக இதே சட்டத்தின் கீழ் கைதாகி நான்கு மாதங்கள் விளக்கமறியலில் இருந்தார். முறைப்பாடு செய்தவர்கள் பௌத்த பிக்குகள். ஆகவே இதை வெறும் இனப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது போதாது என்று நினைக்கிறேன். ஒருவர் என்ன செய்தார் என்பதைவிட, முறைப்பாடு செய்தவர் யார், யாருக்கு எதிராகச் செய்தார் என்பதே கைதைத் தீர்மானிக்கிறது. இனம், மதம், பணம், மொழி எல்லாம் அந்த இடத்தில் வந்து சேர்கின்றன.

குருநாகல் வைத்தியர் ஷாபியின் விடயமும் அதுவே. 2019 மே 23ஆம் திகதி ஒரு சிங்களப் பத்திரிகையில் 4,000 சிங்களப் பெண்களுக்கு ஒரு வைத்தியர் கருத்தடை செய்தார் என்று பெயர் சொல்லாமல் செய்தி வந்தது. மறுநாள் அவர் கைதானார். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. யூலை 25ஆம் திகதிதான் பிணை கிடைத்தது. பின்னர் நிலுவைச் சம்பளம் கிடைத்தபோது, பொருளாதார நெருக்கடியில் மருந்தில்லாமல் தவித்த வைத்தியசாலைகளுக்கு மருந்து வாங்க அதை அவர் கொடுத்துவிட்டார்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றி வடக்கு கிழக்கில் உள்ளவர்களுக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற பெயரோடு வந்து 1982இல் நிரந்தரமானது. 9ஆம் பிரிவின்படி அமைச்சரின் ஆணையில் மூன்று மூன்று மாதங்களாக 18 மாதங்கள் வரை தடுத்து வைக்கலாம். 2022 திருத்தம் அதை 12 மாதங்களாகக் குறைத்தது. 16ஆம் பிரிவைத் தொடவில்லை. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாகும். அது அடித்து வாங்கியது என்றால், அதை நிரூபிக்க வேண்டியவர் அடி வாங்கியவர்.

இந்த 16ஆம் பிரிவு எப்படி இருக்கும் என்பதற்கு மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்த சிங்கராசாவின் வழக்கு போதும். தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த, எழுத வாசிக்கத் தெரியாத அவர் 1993இல் கைதானார். பொலிஸ் கான்ஸ்டபிள் ஒருவர் மொழிபெயர்க்க, வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. அதில் அவர் கைநாட்டு வைத்தார். வேறு சான்று இல்லை. 1995இல் 50 வருட சிறை, மேன்முறையீட்டில் 35 வருடமாகக் குறைந்தது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் அது நியாயமான விசாரணை அல்ல என்றது. 2006இல் உயர் நீதிமன்றம் அந்தக் குழுவின் முடிவு இலங்கையில் செல்லாது என்றது.

இருபத்தேழு வருடங்கள் கழித்து மன்னாரைச் சேர்ந்த ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீமுக்கு நடந்ததிலும் மொழிதான் நடுவில் நின்றது. 2017இல் வெளியான 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் போதிக்கிறது என்று 2020 மே 16ஆம் திகதி கைது செய்தார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்த நூலைப் படித்துவிட்டு, அதில் வன்முறைக்கு எதிரான கவிதைகள் இருப்பதை எடுத்துக் காட்டினார்கள். ஏறத்தாழ 19 மாதங்கள் தடுப்பில் இருந்து 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒரு கவிதை நூலை நாலு தமிழ் ஆசிரியர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருந்தால் ஒரு பிற்பகலில் முடிந்திருக்க வேண்டிய விடயம்.

சட்டம் திரும்பவும் தமிழர் பக்கம் வர அதிக காலம் எடுக்கவில்லை. 2021 மே 18 அன்று கிரான் கடற்கரையில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் செய்த பத்துப் பேர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி டிசம்பர் வரை உள்ளே இருந்தார்கள். 2024 மே மாதம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்த பெண்கள் கைதானது அதே ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தில். சக்கரம் போட்ட ஆடைக்குப் பாய்ந்த பிரிவு, உப்புக்கஞ்சிக்கும் பாய்ந்தது.

இந்த இடத்தில் நமக்குள்ளே பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. 2019இல் 'இப்போது அவர்களுடைய முறை' என்ற ஒரு மெல்லிய திருப்தி தமிழர் சிலரிடம் இருந்தது. யுத்த காலத்தில் சுற்றிவளைப்புகளில் தமிழ் இளைஞர்கள் ஏற்றப்பட்டபோது முஸ்லிம் ஊர்கள் சிலவற்றிலும் அதே மௌனம் இருந்தது. காரணங்கள் இல்லாமல் இல்லை. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் கொன்றார்கள். அதே ஓகஸ்ட் 12ஆம் திகதி, சாய்ந்தமருதுக்கு அண்மையில் உள்ள வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் அரசு ஆயுதம் கொடுத்த ஊர்காவற்படையினரின் கை இருந்தது என்பது தப்பியவர்களின் சாட்சியம். ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். கல்முனையில் பிரதேச செயலகச் சண்டை இன்னும் தீரவில்லை. இவற்றை மூடி மறைத்துவிட்டு ஒற்றுமை பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் கொவிட்டில் இறந்தவர்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது, 2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் தொடங்கிய பொலிகண்டிப் பேரணியில் இந்தக் கரையோர முஸ்லிம்கள் வந்து சேர்ந்தார்கள் என்பதும் உண்மை. நீதிமன்றத் தடையுத்தரவுகளையும் மீறி அது நடந்தது.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று சொல்லி வந்த ஆட்சியிலும், 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது முஸ்லிம் இளைஞருக்கு 90 நாள் தடுப்பு ஆணை எழுதப்பட்டது. கண்டனங்களுக்குப் பிறகு ஏப்ரலில் விடுதலையானார். ஆகவே சட்டம் இருக்கும்வரை வீட்டில் தெரிந்திருக்க வேண்டிய சில விடயங்கள்:

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒருவரைக் கைது செய்தால் 48 மணித்தியாலங்களுக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. பொலிஸார் அறிவிப்பார்கள் என்று காத்திருக்காமல் வீட்டாரே அறிவிக்கலாம். அவசர இலக்கம் 1996. கல்முனையில் பிராந்திய அலுவலகம் உண்டு. எந்தப் பொலிஸ் நிலையம், எந்த நேரம், வந்தவர்கள் சீருடையிலா என்பதை உடனே எழுதி வையுங்கள்.

அரச அதிகாரியோடு தமிழில் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. வாசிக்க முடியாத மொழியில் எழுதிய தாளில் ஒப்பமிட வேண்டாம். கட்டாயப்படுத்தி ஒப்பம் வாங்கினால், நீதவான் முன் கொண்டுபோகும் முதல் தடவையே அதைச் சொல்லிப் பதியச் செய்யுங்கள். காயம் இருந்தால் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி கேளுங்கள்.

அடிப்படை உரிமை மீறல் மனுவை 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த நீதிமன்றம் கொழும்பில் மட்டுமே உள்ளது. சாய்ந்தமருதிலிருந்து பஸ்ஸில் ஒரு இரவு, பிறகு சட்டத்தரணி, பிறகு ஆவணங்களுக்கான மொழிபெயர்ப்பு. வசதியுள்ளவருக்கு ஒரு மாதம் தாராளம். மீன்பிடித்தும் கூலி வேலை செய்தும் வாழும் குடும்பத்துக்கு, மகன் எங்கே என்று கண்டுபிடிக்கவே அது போய்விடும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. 13ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஆனால் முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது. விசாரணை நடைபெறுகிறது என்பதற்கான கடிதத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.