பூசிய சுவரும் கழுவிய சுவரும்

வெள்ளத்துக்கு அஞ்சும் நகரம் ஆற்றைச் சுவருக்குள் அடைக்கிறது. 1870 டிசம்பரில் ஊர் மூழ்கிய பிறகு ரோம், டைபரின் இரு கரைகளிலும் நெடுமதில்களை எழுப்பியது. 1938 வெள்ளத்துக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸ், தன் நதியையும் துணையாறுகளையும் கான்கிரீட் வாய்க்கால்களாக்கியது. இரண்டு ஊர்களிலும் வெள்ள பயம் தணிந்தது; இரண்டிலும் ஆறு மக்களின் புழக்கத்திலிருந்து விலகியது. அப்படி விலக்கிய சுவர்களிலேயே எழுந்த ஓவியங்கள்தான் லாஸ் ஏஞ்சலஸின் துஹங்கா வாய்க்காலில் ஓவியர் ஜூடி பாக்கா 1976-இல் தொடங்கிய ‘லாஸ் ஏஞ்சலஸ் பெருஞ்சுவ’ரும், ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 2016-இல் டைபர் கரையில் நிறைவேற்றிய ‘வெற்றிகளும் புலம்பல்களு’ம்.

செய்முறையில் இரண்டும் எதிரெதிர். துஹங்காவில் சுவரைச் சுத்தம் செய்து, கட்டம் போட்டு, கான்கிரீட்டின் கண்கூசும் வெளுப்பு அடங்க மெஜந்தா பூசி, அதன்மேல் அக்ரிலிக் நிறங்களை அடுக்கினார்கள். டைபரில் ஒரு துளி வண்ணம்கூடக் கிடையாது. மிகப் பெரிய ஸ்டென்சில்களைச் சுவரில் பொருத்தி, சுற்றியிருந்த கறையை அழுத்த நீரால் கழுவினார்கள். ஸ்டென்சிலை எடுத்ததும் வெளுத்த கல்லின் நடுவே பாசியும் புகையும் படிந்த பகுதி மட்டும் உருவமாக நின்றது. அதாவது, வரைந்தது நகரத்தின் அழுக்கு. ஓவியர் செய்தது எங்கே கழுவக்கூடாது என்று முடிவெடுத்தது. துஹங்காவில் முன்வேலையாக இருந்த சுத்தம், டைபரில் முழு வேலையுமாயிற்று.

கைமுறையில் இவ்வளவு விலகியவை, சொல்ல எடுத்துக்கொண்டதில் நெருங்குவது வியப்பு. பாக்காவின் சுவரில் கலிஃபோர்னியாவின் வரலாறு விரட்டப்பட்டவர்களின் பக்கமிருந்து விரிகிறது: நாடு கடத்தப்பட்ட மெக்சிகர்கள், முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள். ஓரிடத்தில் நெடுஞ்சாலைகள் பாம்புகளாக வளைந்து ஒரு குடும்பத்தைப் பிரிக்கின்றன. குடியிருப்பைக் காலிசெய்துவிட்டுக் கட்டிய பேஸ்பால் அரங்கம், பறக்கும் தட்டு போல மேலிருந்து இறங்குகிறது. கென்ட்ரிட்ஜின் ரோமிலோ ஊரின் சின்னமான தாய் ஓநாய் எலும்பும் தோலுமாக நிற்கிறது. கொலையுண்ட திரைப்பட இயக்குநர் பசோலினியின் உடல் கிடக்கிறது. படகில் புகலிடம் தேடி வந்தவர்களும் பேரரசின் அணிவகுப்பில் சேர்ந்துகொள்கிறார்கள். நடிகர்கள் மாஸ்த்ரோயானியும் எக்பெர்கும் திரைப்படத்தில் நனைந்தது த்ரேவி நீரூற்றில். இங்கே அவர்களுக்கு வாய்த்தது ஒரு குளியல் தொட்டி. இந்தக் குறும்பு பாக்காவிடம் இல்லை. பாக்காவிடமுள்ள கால வரிசை கென்ட்ரிட்ஜிடம் இல்லை. ஒரு பெருமிதத்தின் பக்கத்திலேயே அதற்குக் கொடுத்த விலையை நிறுத்துவதுதான் அவர் வரிசை.

‘சமூகக் கலை’ என்ற பெயர் இரண்டுக்கும் ஒரே அளவில் பொருந்துமா? துஹங்காவில் தூரிகை பிடித்தவர்கள் பதின்பருவத்தினர். முதல் கோடையில் வந்த எண்பது பேரில் பலர் சிறார் நீதி அமைப்பின் வழியாக வந்தவர்கள். தெருவில் ஒருவரையொருவர் பகைத்த கும்பல்களின் பிள்ளைகள் இங்கே ஒரே சாரத்தில் நின்றார்கள். வரலாற்றாசிரியர்கள் அவர்களுக்குப் பாடம் சொன்னார்கள். வேலைக்குக் கூலியும் உண்டு. மழைக்காலத்தில் வாய்க்காலில் எந்த நேரமும் வெள்ளம் பாயலாம் என்பதால் கோடைதோறும்தான் பணி. அப்படி ஐந்து கோடைகளில், 1983-க்குள், ஏறத்தாழ 840 மீட்டர் நிறைந்தது. நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களின் கை அதில் பட்டது.

டைபரிலும் தன்னார்வலர்கள் உழைத்தார்கள், ஆய்வாளர்கள் படங்களைத் தேடித் தந்தார்கள். ஆனால் 550 மீட்டரில் எழுந்த எண்பதுக்கும் மேற்பட்ட உருவங்களிலும் தெரிவது ஒரே ஓவியரின் கரிக்கோடு. சமூகம் அங்கே வந்து சேர்ந்தது வேறொரு வழியில். ரோமின் பிறந்தநாளான ஏப்ரல் 21 அன்று, இசையமைப்பாளர் ஃபிலிப் மில்லரின் இசையோடு இரண்டு ஊர்வலங்கள் எதிரெதிர்த் திசைகளிலிருந்து நடந்துவந்து சந்தித்தன. நடந்தவர்களின் நிழல்கள் சுவரின் உருவங்களோடு கலந்தன. துஹங்காவில் சமூகம் சுவரைச் செய்தது. டைபரில் சுவர் சமூகத்தைக் கரைக்குக் கூட்டிவந்தது. முன்னது கடினம் என்பதால் என் தராசு அந்தப் பக்கமே சாய்கிறது.

அனுமதிக் கதையும் தலைகீழானது. துஹங்காவில் வாய்க்காலைக் கட்டிய ராணுவப் பொறியாளர் படையே பாக்காவை அழைத்தது. டைபரில் அந்தக் கரையைக் கலைக்களமாக்க முனைந்த கலைஞர் கிறிஸ்டின் ஜோன்ஸ், 2005-இலேயே இதே முறையில் ஓநாய் உருவங்களைக் கழுவி எடுத்துக் காட்டியிருந்தும், கென்ட்ரிட்ஜின் திட்டம் மரபுக் காப்பு அதிகாரிகளிடம் நெடுநாள் காத்துக் கிடந்தது. எதையும் பூசப்போவதில்லை, அழுக்கைத்தான் அகற்றப்போகிறோம் என்ற வாதம் அவ்வளவு எளிதில் எடுபடவில்லை!

காலம் இரண்டையும் வெளுக்கிறது என்று சொல்ல முடியாது. துஹங்காவில் வெயில் நிறத்தைத் தின்கிறது, ஓவியம் வெளிறுகிறது. டைபரில் கழுவிய கல் மறுபடி கறுக்கிறது. பின்புலம் இருண்டு உருவத்தை விழுங்குகிறது. முன்னதை 2011-இல் புதுப்பித்தார்கள், 2017-இல் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்த்தார்கள். ஐம்பதுகளோடு நின்ற கதையை இன்றுவரை நீட்ட 2021-இல் மெலன் அறக்கட்டளை ஐம்பது லட்சம் டாலர் தந்தது. பின்னதற்குப் பராமரிப்புத் திட்டமே கிடையாது. சில ஆண்டுகளில் மறையும் என்று தெரிந்தே செய்தது அது. வெற்றிச் சின்னங்களை நிரந்தரமாகக் கல்லில் செதுக்கிய ஊரில், கென்ட்ரிட்ஜ் எடுத்த முடிவுகளில் மிகத் துணிந்தது இதுவே.