ரெஜிமெண்ட் இல்லாத முகவரி: தருமபுரியின் பழைய படைச்சேவை, பென்ஷன் ஆவணங்களைத் தேடும் முறை குறித்து

பழைய சிப்பாய் ஒருவரின் சேவைக் குறிப்பைத் தேடி ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, 'எந்த ரெஜிமெண்ட்?' என்பது. ஐரோப்பியக் குடும்ப வரலாற்று ஆய்வு பழக்கிவிட்ட கேள்வி இது. ஐரோப்பியருக்கு அது பலனும் தருகிறது. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா அலுவலக ஆவணங்களில் சென்னைப் படைக்கென்றே எல்/மில்/11 என்ற தனி வரிசை இருக்கிறது. ஆள்கணக்கு, இறப்பு அறிக்கை எல்லாம் அதில் ஆண்டுவாரியாக நிற்கின்றன. 1770இல் ஏற்பட்ட லார்டு கிளைவ் நிதியின் பென்ஷன் கணக்குகளும் அந்த நூலகத்திலேயே உள்ளன. ஆனால் இவை பெரிதும் ஐரோப்பியர்களின் பெயர்களைச் சுமந்த தாள்கள். நாட்டுச் சிப்பாய் அந்த வரிசைகளில் பெரும்பாலும் எண்ணிக்கையாக வருகிறான். இன்ன பட்டாலியனில் இத்தனை பேர் என்பதோடு எழுத்தரின் கை நின்றுவிடுகிறது. தருமபுரி போன்ற மாவட்டத்தைப் பொறுத்தவரை தேடலைத் தொடங்க வேண்டிய இடம் வருவாய்த் துறை ஆவணங்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். சிப்பாயைப் பெயரும் ஊரும் சேர்த்து எழுதும் அவசியம் படைக்கு இருந்ததைவிட, அவனுக்குப் பணமோ நிலமோ கொடுக்க வேண்டியிருந்த கலெக்டர் கச்சேரிக்கே அதிகமாக இருந்தது.

தேடுகிறவர் எந்தக் கட்டைக் கேட்பது என்பதில் முதல் சிக்கல் எழுகிறது. தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2ஆம் நாள். அதற்கு முந்தைய தாள்கள் எல்லாம் சேலம் மாவட்டத்தின் பெயரில் இருக்கும். 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. பின்னோக்கிப் போனால், 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்த பாராமகாலின் பகுதி இது. ஓசூர்ப் பக்கம் 1799 வரை மைசூரிலேயே இருந்ததால் அங்கே தேடலின் தொடக்கமே வேறு. பாராமகாலை நிர்வகிக்க வந்த கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்குத் துணை நின்ற தாமஸ் மன்றோ, வில்லியம் மெக்லியாட், ஜேம்ஸ் கிரஹாம் ஆகியோரும் படை அதிகாரிகள். ரீடு மூன்றாம் மைசூர்ப் போரில் உளவுப் பணியைக் கவனித்தவர். ஊரையும் ஆளையும் விசாரித்து எழுதுவது அவருக்குப் பழகிய வேலை. அவர்கள் காலத்துத் தாள்களின் ஒரு பகுதி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'பாராமகால் ரெக்கார்ட்ஸ்' என்ற தலைப்பில் பகுதி பகுதியாக அச்சேறியது. அதை ரயத்துவாரி நிலவரி முறையின் வரலாற்றுக்கான மூலமாகவே வாசித்து வருகிறோம். படையினர் எழுதிய வருவாய்த் தாள் என்ற கோணத்திலும் அதற்கு ஒரு வாசிப்பு மிச்சமிருக்கிறது.

படைச்சேவைக்கு நிலத்தால் ஈடு செய்வது இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. தருமபுரி, செங்கம் பகுதிகளில் நடுகற்கள் செறிந்து கிடக்கின்றன. வீழ்ந்த வீரனின் குடும்பத்துக்கு விட்ட நிலத்தை உதிரப்பட்டி என்றும் நெத்தோர்பட்டி என்றும் கல்வெட்டுகள் குறிக்கும். மைசூர் ஆட்சியில் கந்தாசாரம் என்ற ஏற்பாட்டில், ஊரிலேயே இருந்து உழுதுகொண்டு அழைத்தபோது ஆயுதம் எடுக்கும் பியூன்களுக்குச் சம்பளத்தின் ஒரு பங்கு நிலமாகக் கிடைத்தது. கம்பெனி ஆட்சி நிலைத்ததும் இத்தகைய சேவைக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனாலும் மாகாணத்தின் பல இடங்களில் நிலம் அனுபவத்தில் நீடித்தது. இப்படிச் சேவை போய் நிலம் மட்டும் நின்ற நிலையைத்தான், இனாம் எனப்பட்ட வரிச்சலுகை நிலக்கொடைகளை விசாரிக்க 1858இல் அமைந்த சென்னை இனாம் கமிஷன் எதிர்கொண்டது. அந்தக் கமிஷன் ஊர் ஊராக விசாரித்து எழுதிய இனாம் பதிவேட்டை இன்று எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்டு வாங்கலாம். வரலாற்று மாணவர்களைவிடக் கோயில் நில வழக்குக்காரர்களே அதை அதிகம் நாடுகிறார்கள்.

அந்தப் பதிவேட்டின் பக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். திறந்தால் இரண்டு பக்கத்துக்கும் நீளும் பத்திகள்: இனாம் எந்த வகை, நஞ்சையா புஞ்சையா, எவ்வளவு பரப்பு, தீர்வை என்ன, யார் கொடுத்தது, எந்த ஆண்டு, எழுத்து ஆதாரம் உண்டா. அடுத்து வரும் பத்திகளே நம் ஆய்வுக்கு உயிரானவை. முதலில் பெற்றவர் பெயர், பழைய கணக்குகளில் இருக்கும் பெயர், இப்போது அனுபவிப்பவரின் பெயர், வயது, முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பதெல்லாம் ஒரே வரியில் இடமிருந்து வலமாகப் போகின்றன. கடைசியில் டெபுடி கலெக்டரின் கருத்து. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை ஒரே வரியில் கிடைப்பது ஆள்கணக்குத் தாளில் நடவாது. ஆண்டு, வருவாய்க் கணக்கு ஆண்டான பசலியில் இருக்கும். 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி ஜூலையில் பிறப்பதால், அதன் பிற்பாதி நிகழ்ச்சிகளுக்கு இன்னும் ஒன்று கூட்ட வேண்டும்.

ரொக்கப் பென்ஷனும் இதே கலெக்டர் கச்சேரி வாசலுக்குத்தான் வந்து சேர்கிறது. 1871ஆம் ஆண்டின் பென்ஷன் சட்டம் பென்ஷனையும், அரசு விட்டுக்கொடுத்த பணம் அல்லது நிலவரி உரிமையையும் ஒரே பிரிவில் வைத்தது. அவற்றின் மீதான கோரிக்கையைக் கலெக்டரிடம் வைக்கச் சொன்னது. கலெக்டரின் சான்று இல்லாமல் சிவில் நீதிமன்றம் அதை விசாரிக்கக் கூடாதென்று தடுத்தது. அரசின் கண்ணில் பென்ஷன்காரரும் இனாம்தாரரும் ஒரே இனம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. கருவூலத்தின் நடைமுறையும் அப்படியே அமைந்தது. பென்ஷன் உத்தரவு இரண்டு பாதியாக இருக்கும். ஒரு பாதி வாங்குபவர் கையில், மறுபாதி கொடுப்பவர் கோப்பில். ஆள் மாறாட்டம் நேராமலிருக்க உயரமும் அங்க அடையாளமும் எழுதப்பட்டன, கைரேகை வாங்கப்பட்டது, உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்கப்பட்டது. மோசடிக்கு அஞ்சிய ஒரு குமாஸ்தா எழுதிவைத்த 'இடது கன்னத்தில் தழும்பு' போன்ற ஒரு வரி, தளபதியின் பாராட்டுக் கடிதத்தைவிட அந்த மனிதனை நமக்கு அருகில் கொண்டுவரும்.

இதற்கு எழக்கூடிய வலுவான மறுப்பு, இனாம் பதிவேடு சேவையைப் பதியவில்லை, சேவை செய்ததாகச் சொல்லிக்கொண்டதைத்தான் பதிகிறது என்பது. ஐம்பது ஆண்டு அனுபவம் காட்டினால் உரிமை ஏற்கப்படும் என்ற விதி இருந்ததால், கொடையைப் பழைய அரசர் காலத்துக்குத் தள்ளிச் சொல்லும் ஆசை உரிமையாளருக்கு இருந்திருக்கும். மறுப்பு நியாயமானது, ஆனால் அது பதிவேட்டை வாசிக்கும் முறையைத் திருத்துகிறதே தவிர, பதிவேட்டைத் தள்ளிவிடவில்லை. பொய் எந்தத் திசையில் சாயும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிகிறது. ஆண்டை ஐயத்தோடு எடுத்துக்கொண்டு, ஊரையும் உறவையும் நம்பலாம். அவை அண்டை அயலார் முன்னிலையில் கேட்கப்பட்டவை, பழைய கணக்கோடு ஒப்பிடப்பட்டவை. ரெஜிமெண்ட் தாள் மட்டும் வாக்குமூலம் இல்லாமல் பிறந்ததா? வயது, சாதி, ஊர் மூன்றும் சேரும் நாளில் ஆள் சொன்னதுதான். பென்னாகரத்தையும் பாலக்கோட்டையும் எழுத்தர் தம் காதுக்கு எட்டியபடி எழுதியதுதான். அங்கே சரிபார்க்க அயலாரும் இல்லை. ரெஜிமெண்டின் பெயரும் முகவரி ஆகாது. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் போரிட்ட 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்பன்ட்ரியின் பெயரை வைத்து, அதிலிருந்தவர்களெல்லாம் திருநெல்வேலிக்காரர்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பென்ஷன் முகவரியிலும் ஒரு குறை உண்டு: ஓய்வுக்குப் பின் குடியேறிய ஊரை அது சொல்லும், பிறந்த ஊர் வேறாக இருக்கலாம். எனினும் தேடலுக்கு ஓர் ஊர் கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. நிலமும் பென்ஷனும் பெறாதவன் என்ன ஆனான்? முதல் உலகப் போரில் குறுகிய காலம் பணியாற்றி விடுவிக்கப்பட்டவர்களும் தொழிலாளர் படையினரும் இந்த வழியில் முழுதாகக் கிடைக்க மாட்டார்கள்; இதை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். மாண்டவர்களின் நிலையும் மேலானதன்று. மெசபொடேமியாவில் கல்லறை அறியப்படாதவர்களுக்கான பஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்தியச் சிப்பாய்கள் பெயராக அல்லாமல் எண்ணிக்கையாகவே பொறிக்கப்பட்டார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, ஆசிய ஆப்பிரிக்கப் படையினரில் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படாமலோ, அறவே நினைவுகூரப்படாமலோ போயிருக்கலாம் என்று கணக்கிட்டது. ஆயினும் இந்த மறுப்பு ரெஜிமெண்ட் வழிக்கு ஆதரவாகத் திரும்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் பெருமளவில் மீண்டு வந்த எடுத்துக்காட்டு பஞ்சாபினுடையது. லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்து, 2021 நவம்பரில் மின்வடிவில் வெளியாகத் தொடங்கிய அந்தப் பதிவேடுகளில் ஏறத்தாழ 3,20,000 பேரின் விவரம் இருக்கிறது. அவற்றைத் தொகுத்தது பஞ்சாப் அரசின் சிவில் நிர்வாகம். அடுக்கு முறை மாவட்டமும் ஊரும். படைக்கு எட்டாத நுணுக்கம் அங்கும் ஊர்க் கணக்கிலிருந்தே வந்தது.

ஆகவே தருமபுரியில் குறுகிய காலச் சேவையாளரைத் தேடுகிறவருக்கும் திசை மாறவில்லை, கட்டு மட்டும் மாறுகிறது. முன்னாள் படையினருக்குத் தரிசு நிலம் ஒப்படை செய்ய வருவாய் வாரியத்தின் நிலையாணைகள் இடம் தந்தன. அந்தத் தர்க்காஸ்து (நிலம் கோரும் மனு) கோப்பில் மனுதாரர் படையில் இருந்ததற்கான அத்தாட்சியைக் காட்டியாக வேண்டும். தாலுகா அலுவலகத்துக் கோப்பிலோ, கிராம நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டின் குறிப்புப் பத்தியிலோ ரெஜிமெண்ட் எண் தலைகாட்டினால், பெங்களூரிலுள்ள மதராஸ் சாப்பர்ஸ் ஆவண அலுவலகத்துக்கோ, வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் அலுவலகத்துக்கோ அப்போது எழுதலாம். ஆளின் பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் அதற்குள் கையில் இருக்கும்.