நெஞ்சு, மிடறு, தலை: சபைப் பாடலில் குரல்நிலைகள்

பாடுவோர் குரலை மார்புக்குரல், தலைக்குரல், கள்ளக்குரல் எனப் பிரித்துரைப்பது மேனாட்டார் கொணர்ந்த புதுமை என்று நம் இறையியல் மாணவர் சிலர் எண்ணுகின்றனர். அஃது முழு உண்மையன்று. எழுத்துகளின் பிறப்பை ஆராயும் தொல்காப்பியம், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெறுவதைக் கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டில் சாரங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம் மந்தர ஸ்தாயியை இருதயத்திலும், மத்திய ஸ்தாயியைக் கண்டத்திலும், தார ஸ்தாயியைச் சிரசிலும் வைத்தது. அதே நூற்றாண்டில் தொமினிக்கத் துறவியான மொராவியா ஜெரோமும் நெஞ்சுக்குரல், தொண்டைக்குரல், தலைக்குரல் என்றே பகுத்தார்.

ஆயினும் ஒலி பிறப்பது குரல்வளையிலேயே. மானுவேல் கார்சியா என்னும் சங்கீத ஆசிரியர் 1854இல் சிறு கண்ணாடியின் உதவியால் தம் குரல்நாண்கள் அசைவதைத் தாமே கண்டார். மார்புக்குரலில் நாண்கள் தடித்து, முழு ஆழமும் அதிர்ந்து, நன்றாய் மூடுகின்றன. கள்ளக்குரலில் அவை நீண்டு மெலிந்து, விளிம்புகள் மாத்திரம் அதிர்கின்றன. பெரும்பாலும் காற்றுக் கசிவதால் ஒலி மெலிகிறது. தலைக்குரலோ, உயர்ந்த சுரத்திலும் நாண்கள் மூடும் வலிமையை இழவாமல் பாடுவது; அதிர்வு தலையில் நிகழ்வதாகப் பாடகர் உணர்வார். (ஆசிரியர்கள் இச்சொற்களை ஒரேவிதமாய் ஆள்வதில்லை, கார்சியாவே கள்ளக்குரலை மார்புக்கும் தலைக்கும் நடுவே வைத்தார்.)

கள்ளக்குரல் என்னும் பெயரிலேயே பழி இருக்கிறது. இத்தாலியரின் ஃபால்செட்டோ என்ற சொல்லும் பொய் என்னும் பொருளடியாகப் பிறந்ததே. ஆனால் 1 கொரிந்தியர் 14:34ஐக் காட்டிப் பெண்களைப் பாடகர் குழுவினின்று விலக்கிய காலத்தில், மேற்சுரங்களைத் தாங்கியவர் சிறுவரும் இக்குரலில் பாடிய ஆண்களுமே. பின்னர் ரோமாபுரியில் விதையடிக்கப்பட்ட பாடகரைச் சேர்த்துக்கொண்ட கொடுமையும் நேர்ந்தது; சிஸ்டைன் ஆலயத்தில் பாடிய அவ்வகையினருள் இறுதியானவரான மொரெஸ்கி 1922இல் மரித்தார்.

நம் நாட்டில் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய கீர்த்தனைகள், பாடுவோன் தன் குரலுக்கேற்ற சுருதியை வைத்துக்கொள்ளும் மரபிற் பிறந்தவை. மேனாட்டு ஞானப்பாட்டு ராகங்களோ நான்கு குரல்களுக்கென எழுதப்பட்டு, குறித்த சுருதியோடு வந்தன. நம் சபைகளிற் பல அவற்றின் மேற்குரலை மாத்திரம் எடுத்துக்கொண்டன. ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுகின்றனர். அதன் உச்ச சுரம், சாதாரண ஆண்குரல் மார்புநிலையிலிருந்து திரும்பும் இடத்திலேயே வந்து விழுகிறது. அங்கே ஒருவர் கத்துவார். ஒருவர் கள்ளக்குரலுக்குத் தாவி நாணுவார். மற்றவர் வாயை மூடிக்கொள்வார். மூன்றாவது கூட்டமே பெரிது.

மண்ணூரில் நான் பல ஆண்டுகள் என் குரலுக்கிசைந்த சுருதியிலேயே பாட்டை எடுத்துக்கொடுத்தேன். ஒரகடம் ஆலைகளில் இரவு வேலை முடித்து நேரே ஆராதனைக்கு வரும் ஆண்கள் பின்வரிசையில் மௌனமாயிருந்ததைக் களைப்பென்றும், சிலவேளை பக்திக்குறைவென்றும் எண்ணினேன். ஒரு ஞாயிறு எனக்குத் தொண்டை கட்டியிருந்தபடியால், மூப்பர் ஒருவர் ஒன்றரைக் கட்டை இறக்கித் தொடங்கினார். பின்வரிசை பாடிற்று.