பிழையிற் பிறந்த பெயர்

வரலாறு என்றவுடன் மன்னர்களின் போர்களையும் உடன்படிக்கைகளையும் எண்ணுவது மாணவர்க்கு இயல்பு. ஓர் இசை மரபு எழுத்துப் பிழையொன்றினாற் பெயர் பெற்ற வரலாற்றை இன்று நான் கூற விழைகிறேன்.

அமெரிக்காவில் அறிவியற் புனைகதைகளை விரும்பிப் படித்தோர் 1930களிலேயே சங்கங்கள் அமைத்தனர். 1939ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் அவர்களுடைய முதல் உலக மாநாடு கூடிற்று. அவ்வன்பர்கள் தாமே எழுதிச் சைக்ளோஸ்டைல் செய்த ஏடுகளை அஞ்சல் வழியே தமக்குட் பரிமாறிக்கொண்டனர். 1950களின் தொடக்கத்தில், லீ ஜேக்கப்ஸ் என்பவர் அத்தகைய குழுவொன்றுக்குக் கட்டுரை அனுப்பினார். தற்கால அமெரிக்க நாட்டுப்பாடலில் அறிவியற் புனைகதையின் செல்வாக்கு என்பது அதன் பொருள். நாட்டுப்பாடலைக் குறிக்கும் ‘ஃபோக்’ என்னும் சொல், தலைப்பில் ‘ஃபில்க்’ என்று விழுந்துவிட்டது. ஆங்கிலத் தட்டச்சுப் பொறியில் ‘ஓ’வும் ‘ஐ’யும் அடுத்தடுத்த எழுத்துக்கள் அல்லவா? கட்டுரையில் நாகரிகமற்ற வரிகள் இருந்தமையால், அஞ்சற் சட்டத்திற்கு அஞ்சிய பதிப்பாளர் ரே பாலார்ட் அதனை வெளியிட மறுத்தார். கட்டுரை முடங்கியது, பிழை மட்டும் பிழைத்துக்கொண்டது! 1953இல் கேரன் ஆண்டர்சன் என்னும் அம்மையார், தம் கணவர் போல் ஆண்டர்சன் இயற்றிய பாடலொன்றை அப்பெயராலேயே அச்சிட்டார்.

இப்பாடல்களின் இயல்பு யாது? எல்லோரும் அறிந்த பழைய வர்ணமெட்டில் ராக்கெட்டையும் அயற்கோளையும் பறக்கும் நாகத்தையும் பற்றிய புதிய சொற்களை அமைத்தல் ஒரு வகை. சொல்லும் மெட்டும் புதியனவாக இயற்றுதல் மற்றொரு வகை. மாநாட்டு நாட்களில், இரவு வந்தபின், விடுதி அறையொன்றில் அன்பர்கள் கிதாருடன் வட்டமாக அமர்வர். முறை வரும்பொழுது ஒருவர் பாடலாம். பிறரைப் பாடச் சொல்லிக் கேட்கலாம். வேண்டாமெனில் அடுத்தவர்க்கு விட்டுக்கொடுக்கலாம். இம்மரபில் நான் பெரிதும் மதிப்பது இவ்வட்டத்தையே. மேடை, பாடுவோரையும் கேட்போரையும் இரண்டாகப் பிரிக்கிறது. வட்டத்திலோ, தேர்ந்த குரலுக்கும் தடுமாறும் குரலுக்கும் முறை ஒன்றே.

1979இல் சிகாகோவில் இவ்விசைக்கென்றே தனி மாநாடு கூடிற்று. 1980களில் கலிபோர்னியாவில் ஒலிநாடாக்கள் வெளிவந்தன. 1984இல் ஒகையோவில் ஆண்டு விழாவும் பெகாசஸ் விருதுகளும் தொடங்கின. ஒலிநாடாவும் விருதும் வந்தபின் வட்டம் கலைந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். அது கலையவில்லை. மாநாட்டிற்கு வர இயலாதவர் ஒலிநாடாவிற் கேட்டுக் கற்றனர். கற்றவர் பின்னர் வட்டத்தில் வந்து பாடினர். கனடா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளிலும் இம்மரபு வேரூன்றியது.

இது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர்க்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுவேன். ஜோர்டின் கேர் என்னும் இயற்பியலறிஞர், விண்வெளிப் பயணத்தைப் போற்றி ‘ஃபயர் இன் த ஸ்கை’ என்ற பாடலை இயற்றியிருந்தார். 2003 பிப்ரவரி 1ஆம் நாள், கொலம்பியா விண்ணோடம் தரை திரும்புகையிற் சிதைந்து, எழுவர் மாண்டனர். அன்று தொலைக்காட்சியிற் பேசிய பஸ் ஆல்ட்ரின், நிலவில் நடந்த வீரர், அப்பாடலின் வரிகளைச் சொல்லத் தொடங்கிக் கண்கலங்கினார். விடுதி அறையிற் பாடப்பெற்ற பாட்டு, ஒரு நாட்டின் துயருக்குச் சொல்லாயிற்று.

மாணவர்களே, நாட்டுப்பாடல்களுட் பலவற்றிற்கு ஆசிரியர் பெயரோ காலமோ நமக்குத் தெரிவதில்லை. இங்கோ, பாடியவர் பெயரும் ஆண்டும் ஏட்டில் உள்ளன. ஒரு மரபு எங்ஙனம் பிறந்து வளர்கிறது என்பதை இதனால் நாம் படிப்படியாகக் காண இயலுகிறது. நீங்கள் நண்பர்களுடன் புனைந்து பாடும் பாட்டையும், நாளும் பெயரும் இட்டு எழுதி வையுங்கள். வரலாற்றாசிரியனுக்கு அதுவும் ஒரு சான்றே.