விம்கோ நகரில் அரசு மருத்துவக் காப்பீடு

வடசென்னையில் திருவொற்றியூரை அடுத்த விம்கோ நகர், வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டி ஆலையின் சுருக்கப்பெயரால் அமைந்த பகுதி. சுற்றிலும் ஆலைகள். ஆகவே இங்குள்ள முதியோர் பலருக்கு மருத்துவக் காப்பீடு என்றால் முதலில் நினைவுக்கு வருவது தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் கார்டுதான்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இ.எஸ்.ஐ., தொழிலாளியின் சம்பளத்தோடு கட்டப்பட்டது. இன்றைய வரம்பு மாதம் 21,000 ரூபாய், தொழிலாளி 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்துகின்றனர். குறைந்தது 5 ஆண்டு காப்பீட்டில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தமக்கும் துணைவருக்கும் சிகிச்சை தொடரும். பலருக்கும் தெரியாத சலுகை இது. ஆனால் ஒப்பந்தக்காரர் மாற மாற இடம் மாறி உழைத்தவர் அந்த ஐந்தாண்டுக் கணக்கைக் காட்டுவது எளிதன்று.

அவருக்கு மிஞ்சுவது மாநில அரசின் திட்டம். 2009 ஜூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. ஆட்சியும் பெயரும் மாறினாலும் அடிப்படை மாறவில்லை: குறிப்பிட்ட உயர் சிகிச்சைகளுக்கு நோயாளி கையிலிருந்து பணம் கட்ட வேண்டியதில்லை. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்தபின் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு. ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்து, 2022இல் 1,20,000 ஆனது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பு இல்லை.

அமெரிக்காவில் 1965இல் வந்த மெடிகேர் 65 வயதையே தகுதியாக்கியது. முதலமைச்சர் திட்டத்தில் கணக்கில் வருவது வயதன்று, குடும்ப அட்டை. சார்ந்திருக்கும் பெற்றோரின் பெயர் அதில் இருக்க வேண்டும். வருமானச் சான்றும் வேண்டும். தனியே வாழும் மூதாட்டி, மகனின் அட்டையில் பெயர் இருப்பதால் அவன் வருமானத்தைக் காட்ட வேண்டிய சிக்கல் இங்கேதான் எழுகிறது. காப்பீட்டு அட்டை பெறும் மையம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ளது. திருவொற்றியூர் 2011இலேயே சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டாலும், 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருந்தது. இப்போது ராஜாஜி சாலையிலுள்ள சென்னை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனால் போதும். வயதை மட்டும் பார்த்து, 70 வயது நிறைந்தோருக்கு வருமானம் பாராமல் காப்பு அளிக்கும் மத்திய அரசின் விரிவாக்கம் 2024 அக்டோபரில்தான் தொடங்கியது.

மாற்றுத்திறனாளிகளுக்குத் தனியே ‘நிராமயா’ என்ற காப்பீட்டுத் திட்டம் உண்டு. மன இறுக்கம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு வகையினருக்கு மட்டும் 1 லட்சம் ரூபாய் வரை. ஆலை இயந்திரத்தில் விரல் இழந்தவர் இதில் வரமாட்டார். அவருக்கு இ.எஸ்.ஐ.யின் ஊன உதவித்தொகையும், கை அறுவை சிகிச்சைக்குப் பெயர்பெற்ற ஸ்டான்லி அரசு மருத்துவமனையும்தான். அரசு மருத்துவமனையிலும் முதலமைச்சர் திட்டக் காப்பீட்டு அட்டை செல்லும். அந்தத் தொகை மருத்துவமனைக்கே வருமானமாகச் சேர்கிறது.

முதல்வர் திட்டத்தின் பெரிய இடைவெளி, அது பெரும்பாலும் உள்நோயாளிக்கானது என்பதே. முதுமையின் அன்றாடச் செலவான சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளுக்கு அட்டை உதவாது. அவற்றை 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே கொண்டுவருகிறது. படுத்த படுக்கையானவருக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் உண்டு. இதற்குக் காப்பீட்டு அட்டை தேவையில்லை.