தமிழ் விக்கிப்பீடியாவின் உதவிப் பக்கங்கள்

விக்கி என்பது படிப்பவரே திருத்தக்கூடிய இணையதளம் ஆகும். அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் 1995 மார்ச் 25 அன்று முதல் விக்கியை வெளியிட்டார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. நிரலாளர்கள் தம் அனுபவக் குறிப்புகளைச் சேர்த்து எழுதவே அது உருவானது. கலைக்களஞ்சியம் பின்னால் வந்தது. மென்பொருள் விளக்கமே அதன் பிறந்த வீடு எனலாம்.

மென்பொருளை உருவாக்கியவருக்குப் புதியவர் எங்கே தடுமாறுவார் என்பது தெரிவதில்லை. எங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மெஷின் பழகுபவர் விளக்கப் புத்தகத்தைத் தேடுவதில்லை, பக்கத்து மெஷின்காரரைத்தான் கேட்கிறார். அவர் வாய்மொழியாகச் சொல்வதை எழுத்தில் சேர்த்துவைக்க விக்கி இடம் தருகிறது.

தமிழில் தொடக்கம்

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அதன் இடைமுகத்தின் பெரும்பகுதியைத் தமிழாக்கினார். (கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் பின்னர் அவருக்கு இயல் விருது வழங்கியது.) அடுத்து வந்த பயனர்கள் உதவிப் பக்கங்களை எழுதினர். பொதுவாகக் கலந்து பேசும் பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்றும், ஐயம் கேட்கும் பக்கத்துக்கு 'ஒத்தாசைப் பக்கம்' என்றும் பெயர் அமைந்தது. பழகிப் பார்க்கும் பக்கம் 'மணல்தொட்டி'. முதல் இரண்டும் ஆங்கிலப் பெயர்களின் நேர் பெயர்ப்பு அல்ல. ஊர்ப் பேச்சு தெரிந்தவர் வைத்த பெயர்கள் அவை. அகராதியைப் பார்த்து எழுதியிருந்தால் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளின் பெயர் மீடியாவிக்கி. அதன் திரைச் செய்திகளை மொழிபெயர்க்கப் பின்லாந்தின் நிக்லாஸ் லாக்ஸ்திரோம் தொடங்கிய டிரான்ஸ்லேட்விக்கி தளம் பயன்படுகிறது. 'பிளாக்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் வந்தால், அது 'தடை' என்ற பெயரா, 'தடை செய்' என்ற ஏவலா? இதைத் தெளிவாக்க ஒவ்வொரு செய்திக்கும் அங்கே ஒரு விளக்கக் குறிப்பு எழுத முடியும். குழம்பிய மொழிபெயர்ப்பாளர் கேள்வி எழுப்ப, குறிப்பு திருந்தும். அந்தத் திருத்தம் எல்லா மொழிக்காரருக்கும் உதவும்.

தமிழுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பயனரின் பெயர் வரவேண்டிய இடத்தில் மென்பொருள் ஒரு வெற்றிடம் விடுகிறது. முருகன் 'முருகனுக்கு' ஆவார், கமலா 'கமலாவுக்கு' ஆவார். வெற்றிடத்தின் பின்னால் வெறும் 'க்கு' ஒட்டினால் 'முருகன்க்கு' என்று பல் உடைந்த சொல் வரும். 'முருகன் என்ற பயனருக்கு' என வாக்கியத்தையே மாற்றுவதுதான் வழி. ஆங்கிலத்தில் நிரல் எழுதுபவருக்கு இது தோன்ற வாய்ப்பில்லை.

பழசாகும் விளக்கம்

குறியீடுகள் இல்லாமலே தொகுக்க உதவும் புதிய கருவி 2013-இல் பல விக்கிப்பீடியாக்களுக்கு வந்தது. சதுர அடைப்புக்குறி போட்டு இணைப்புக் கொடுக்கச் சொன்ன பாடம் அதில் நுழைபவருக்குப் பொருந்தாது. அச்சுப் புத்தகமென்றால் அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க வேண்டும். விக்கியில் அன்றே மாற்றலாம், ஆனால் மாற்ற ஆள் வேண்டும். ஆர்வலர் குறைந்த மொழிகளில் இதுதான் பெரிய இடர். பழைய விளக்கத்தை நம்பி முயன்று தோற்ற புதியவர் தம்மையே நொந்துகொண்டு போய்விடுவார். பக்கத்தில்தான் பிழை என்று அவருக்குத் தெரியாது.

ஒரு விளக்கம் எவ்வளவு பழையது என்று பார்க்கப் பக்க வரலாற்றைத் திறந்தால் போதும். யார், எந்த நாளில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பது முதல் திருத்தத்திலிருந்து அங்கே வரிசையாக இருக்கும்.