படைமுகாமில் பிறந்த பட்டம்

ஓய்வுபெற்ற பேராசிரியரின் பெயர்ப்பலகையில் ‘எமெரிட்டஸ்’ என்ற பட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அது பிறந்த இடம் ரோமானியப் படைமுகாம். குறித்த காலம் முழுக்கச் சேவைசெய்து, விடுதலையை உழைத்தே ஈட்டிய வீரனுக்கு லத்தீனில் அந்தப் பெயர்.

வாள் பிடித்த கைகளை வெறுங்கையாக அனுப்புவது ஆட்சிக்கே ஆபத்து. வடக்கு ஸ்பெயினில் போரிட்ட வீரர்களுக்கு கி.மு. 25இல் குவாதியானா ஆற்றங்கரையில் ஒரு நகரையே அமைத்துக்கொடுத்தார் அகஸ்டஸ் பேரரசர். நகரின் பெயர் எமெரிட்டா அகஸ்டா. கி.பி. 6இல் ஓய்வுத்தொகைக்கென்றே தனிக் கருவூலம் வந்தது. அதை நிரப்ப வாரிசுச் சொத்தின்மீது 5 சதவீத வரி.

ஏட்டில் 20 ஆண்டு என்றிருந்தும் பலரை விடவில்லை. கி.பி. 14இல் அகஸ்டஸ் இறந்ததும் ரைன் நதிக்கரைப் படைகள் கலகத்தில் இறங்கின. பேச வந்த தளபதி ஜெர்மானிக்கஸின் கையை முத்தமிடுவதுபோலப் பற்றிய சிலர், அவர் விரல்களைத் தங்கள் வாய்க்குள் விட்டுப் பல்லில்லாத ஈறுகளைத் தொடவைத்தார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். ஓய்வு கேட்ட மனுக்களில் என்னை இவ்வளவு உலுக்கியது வேறில்லை.

713இல் அரபுப் படைகள் பிடித்த பிறகு எமெரிட்டா ‘மாரிதா’ ஆனது. ஸ்பானிய நாவில் மெரிதா. அங்கிருந்து பெயர் கடல் தாண்டியது. மெக்சிகோவின் யுகாத்தானில் மாயா மக்களின் கற்கட்டட இடிபாடுகள் தாய்நாட்டு ரோமானிய இடிபாடுகளை நினைவூட்ட, 1542இல் அங்கே எழுப்பிய ஊருக்கும் ஸ்பானியர்கள் மெரிதா என்றே பெயரிட்டார்கள். 1558இல் வெனிசுவேலா மலைகளில் இன்னொன்று. அதை நிறுவிய ஹுவான் ரோத்ரிகஸ் சுவாரெஸ் பழைய மெரிதாவில் பிறந்தவர். அனுமதியில்லாமல் ஊர் அமைத்ததற்காக அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். அவர் தப்பியோடினார்; ஊரும் பெயரும் நிலைத்துவிட்டன.

பட்டம் போன வழி வேறு. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் அதைப் பேராசிரியர்களுக்குச் சூட்டியது. பிறகு எல்லாத் துறையினரும் எடுத்துக்கொண்டார்கள். 2012இல் ரத்தன் டாடா ‘சேர்மன் எமெரிட்டஸ்’ ஆனார். 2013இல் பதவி விலகிய பதினாறாம் பெனடிக்ட் ‘போப் எமெரிட்டஸ்’. 2019இல் அரியணை துறந்த அகிஹிதோவின் ஜப்பானியப் பட்டமான ‘ஜோகோ’வை, ‘எம்பரர் எமெரிட்டஸ்’ என்றே ஆங்கிலத்தில் அறிவித்தது அரண்மனை. அகஸ்டஸ் தன் காலாட்படைக்குத் தந்த பெயரைப் பேரரசர் ஒருவரே ஏற்றுக்கொண்டார்.